லுக்மா: சிக்கி நிற்கும் பிள்ளைக்கு ஒரு சொல்



சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு. மறுநாள் பாடத்துக்கான நூலை மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போகும்போது மணி 11. கூடத்தில் இன்னும் வெளிச்சம் தெரிந்தது. என் மகன் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தான். திரையில் ஒரு பாறைச் சுவரும், கீழே ஓர் இருப்புப்பாதையும் தெரிந்தன. அவன் மடியில் ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தது. அதில் கோடுகளும் அம்புக்குறிகளும் அடித்தல் திருத்தல்களுமாக ஒரு வரைபடம். ஒன்பது நாள்களாக அவன் அதே இடத்தில்தான் நிற்கிறான் என்பது எனக்குத் தெரியும். சுஹூருக்கு எழுந்தவனைப் போலக் கண்கள் சிவந்திருந்தன.

எனக்குக் கோபம் வந்தது. காலையில் ஃபஜ்ருக்குப் பின் என்னிடம் பாடம் ஒப்புவிக்க வேண்டியவன் அவன். ஒரு சொல்லும் பேசாமல் மடிக்கணினியை மூடி, எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவனும் ஒன்றும் பேசவில்லை. நோட்டுப்புத்தகத்தை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தான்.

அந்த இரவில் நான் செய்தது சரிதான் என்றே பெரும்பாலான பெற்றோர் சொல்வீர்கள். நேரத்தைப் பொறுத்தவரை நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் மறுநாள் காலை நடந்த ஒன்று, இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்கே ஒரு பாடமாக அமைந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அவன் விளையாடியது இன்றைய துப்பாக்கி விளையாட்டுகளில் ஒன்று அல்ல. சென்னையில் கணினி பழுதுபார்க்கும் என் மைத்துனர் கொடுத்த பழைய மடிக்கணினியில் இருந்த 'மிஸ்ட்' என்னும் புதிர் விளையாட்டு அது. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற இரு சகோதரர்கள் உருவாக்கியது. அவர்களுடைய தந்தை ஒரு கிறிஸ்தவப் பிரசாரகர். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று, 2002 வரை உலகில் மிக அதிகமாக விற்ற கணினி விளையாட்டு என்ற பெயரை அது தக்கவைத்திருந்தது. விளையாடுபவர் ஆளற்ற ஒரு தீவில் தனியாக நிற்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. எதிரி இல்லை, சண்டை இல்லை, நேரக்கணக்கு இல்லை. ஒரு நூலகமும், பூட்டிய கதவுகளும், புரியாத இயந்திரங்களும் இருக்கின்றன. பார்த்து, கேட்டு, குறித்துவைத்துத்தான் வழி காண வேண்டும். அந்த நாளில் பெட்டியோடு ஒரு வெற்றுக் குறிப்பேட்டையும் சேர்த்தே விற்றார்கள்.

என் மகன் சிக்கியிருந்தது அந்த விளையாட்டில் பலரும் சிக்கிய இடம். நிலத்துக்கு அடியில் ஒரு சுரங்கம். அதில் ஒரு சிறு வண்டி. எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரியான பாறைச் சுவர். ஒவ்வொரு சந்தியிலும் எந்தத் திசையில் போவது என்று முடிவு செய்ய வேண்டும். தவறினால் முட்டுச்சந்து. அவனுடைய மாமன் மகன், "யூடியூபில் மூணு நிமிஷத்துல காட்டிடுவாங்க" என்று சொல்லியிருக்கிறான். இவன் மறுத்துவிட்டான். இதை நான் பின்னர்தான் அறிந்தேன்.

மறுநாள் காலைக்கு வருகிறேன். அவன் 19ஆம் ஜுஸ்உவில் அஷ்ஷுஅரா அத்தியாயம் ஓதிக்கொண்டிருந்தான். மூஸா (அலை) அவர்களை எதிர்க்க ஃபிர்அவ்ன் சூனியக்காரர்களைத் திரட்டும் இடம். ஹாஃபிழ்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். அதே நிகழ்ச்சி அல்அஃராஃப் அத்தியாயத்திலும் ஏறத்தாழ அதே சொற்களில் வருகிறது. ஓரிடத்தில் ஒரு சொல்லின் வடிவம் மட்டும் மாறும். இன்னோரிடத்தில் ஒரு சொல் கூடும். கொஞ்சம் கவனம் தவறினால், அஷ்ஷுஅராவில் நடந்துகொண்டிருந்தவர் தம்மை அறியாமலே அல்அஃராஃபுக்குள் நுழைந்துவிடுவார். ஒரே மாதிரியான சுவர்கள், ஒரே மாதிரியான சந்திகள்.

அவன் அந்தச் சந்தியில் நின்றான். ஒரு சொல்லைச் சொன்னான், திரும்ப எடுத்தான், மறுபடியும் சொன்னான். எனக்குப் பொறுமை இல்லை. வாசலில் மக்தப் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். முழு வசனத்தையும் நானே ஓதிக் கொடுத்துவிட்டேன். அவன் அதைத் திருப்பி ஓதிவிட்டு, தலையைக் குனிந்தபடி மெல்லச் சொன்னான்:

"அத்தா, கொஞ்சம் விட்டிருந்தா எனக்கே வந்திருக்கும்."

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரமளானில் தராவீஹ் தொழும் எவருக்கும் லுக்மா என்றால் என்னவென்று தெரியும். ஓதிக்கொண்டிருக்கும் இமாம் ஒரு வசனத்தில் சிக்கிக்கொண்டால், பின்னால் நிற்கும் ஹாஃபிழ் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். லுக்மா என்ற அரபுச் சொல்லுக்கு ஒரு கவளம் என்று பொருள். ஒரு கவளம்தான், முழுச் சாப்பாடு அல்ல. இதற்கு நபி (ஸல்) அவர்களின் முன்மாதிரியே இருக்கிறது. ஒரு தொழுகையில் அவர்களுக்கு ஓதலில் தடுமாற்றம் ஏற்பட்டது. தொழுது முடித்ததும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களைப் பார்த்து, நீர் எங்களோடு தொழுதீரா என்று கேட்டார்கள். ஆம் என்றதும், பின் ஏன் எடுத்துக் கொடுக்கவில்லை என்ற பொருளில் வினவினார்கள். அபூதாவூதில் வரும் இந்தச் செய்தி, சிக்கியவருக்கு உதவுவது பின்னால் நிற்பவரின் கடமை என்பதைக் காட்டுகிறது.

ஆனால் அந்தக் கடமைக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. இமாம் தானே நினைவுபடுத்திக்கொள்ள முயன்று சொல்லைத் திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருக்கும்வரை எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவர் நின்றுவிட்டால் கொடுங்கள் என்று ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் கூறுகின்றன. எடுத்துக் கொடுக்க அவசரப்படுவது வெறுக்கத்தக்கது என்று ஹனஃபி அறிஞர்களும் எழுதியிருக்கிறார்கள். எத்தனை நுட்பமான வேறுபாடு! திரும்ப ஓதுகிறவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். மௌனமாகிவிட்டவர் உதவிக்குக் காத்திருக்கிறார். முதலாமவருக்குக் கொடுத்தால் அவருடைய தேடலைப் பறிக்கிறோம். இரண்டாமவருக்குக் கொடுக்காவிட்டால் அவரைக் கைவிடுகிறோம். இந்தச் சட்டத்தை நான் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். என் மகன் முன்னால் அதை மறந்தேன்.

அதோடு நிற்கவில்லை. அன்று முழுவதும் வேறொரு பையனின் முகம் என் கண்முன் வந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதியவன். நல்ல குரல், நல்ல நினைவாற்றல். நான் அவனை மிகவும் விரும்பினேன். அவன் சற்றே தயங்கினாலும் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவேன். அது பாசம் என்று நினைத்தேன். நாள்தோறும் பாடம் தடையின்றி ஓடியது. ஜுஸ்உகள் விரைவாக முடிந்தன. பின்பு ஒரு ரமளானில் அவனை முதன்முறையாகத் தராவீஹில் நிறுத்தினோம். இரண்டாம் ரக்அத்தில் சிக்கினான். லுக்மா கொடுத்தேன். ஒரு வரி சென்றது, மறுபடியும் நின்றான். அவனால் தன் நினைவுக்குள் தானே தேடிப்போக முடியவில்லை. என் குரலையே எதிர்பார்த்து நின்றான். அந்த இரவோடு அவன் முன்னால் நின்று ஓதுவதை விட்டுவிட்டான். குறை அவனுடையது அல்ல. தேடும் பழக்கத்தை நான் அவனுக்கு ஒருநாளும் கொடுக்கவில்லை.

அன்று அஸருக்குப் பின் அலமாரியைத் திறந்து மடிக்கணினியை எடுத்து மகனிடம் கொடுத்தேன். "எங்கே சிக்கியிருக்கிறாய் என்று எனக்கும் காட்டு" என்றேன். அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு உற்சாகமாக எல்லாவற்றையும் விளக்கினான். எந்தச் சந்தியில் எந்தப் பக்கம் திரும்பினால் எங்கே முட்டும் என்று ஒன்பது நாள் உழைப்பை நோட்டுப்புத்தகத்தில் காட்டினான். வண்டி ஒரு சந்தியில் நின்றது. ஓர் ஓசை எழுந்தது. அடுத்த சந்திக்குப் போனான். அங்கேயும் ஓர் ஓசை.

நான் கணினி அறிந்தவன் அல்லன். ஆனால் என் தொழில் காதின் தொழில். ஸீனுக்கும் ஸாதுக்கும், தாலுக்கும் ளாதுக்கும் உள்ள வேறுபாட்டைத் திரைக்கு அப்பாலிருந்து கேட்டே பிடிக்கப் பழகியவன். அந்த இரண்டு ஓசைகளும் ஒன்றல்ல என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவன் கண்ணால் மட்டுமே தேடிக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரிந்தது. சொல்லிவிட வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவன் இன்னும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான், தேடிக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் கழித்துக் கையைக் கட்டிக்கொண்டு மௌனமாக உட்கார்ந்தான். அப்போதுதான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "வண்டி நிற்கும்போது எழும் ஓசை எல்லா இடத்திலும் ஒன்றுதானா?"

அவன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். வண்டியை ஒரு சந்தி பின்னால் கொண்டுபோய்க் கேட்டான். மறுபடியும் முன்னால் வந்து கேட்டான். திடீரென்று நோட்டின் முதல் பக்கங்களைப் புரட்டினான். அதே ஓசைகளை அவன் ஏற்கெனவே வேறோர் இடத்தில், வேறொரு வேலைக்காகக் கேட்டிருக்கிறான். அவை திசைகளைக் குறித்தன. அந்த இடம் எது என்று இங்கே எழுதமாட்டேன். இதைப் படித்துவிட்டு விளையாடப் போகும் பிள்ளைக்கு அநியாயம் செய்தவனாவேன். மஃக்ரிப் பாங்குக்கு முன் என் மகன் சுரங்கத்திலிருந்து வெளியே வந்துவிட்டான். அவன் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை மூன்று நிமிடக் காணொளி கொடுத்திருக்காது.

புதிர் போட்டுக் கற்பிப்பது மார்க்கத்துக்கு அந்நியமா என்று சிலர் கேட்கலாம். புகாரியில் கல்வி பற்றிய பகுதியிலேயே இதற்கு விடை இருக்கிறது. மரங்களில் ஒன்று முஸ்லிமுக்கு உவமையாகும், அதன் இலை உதிர்வதில்லை, அது எது என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். தோழர்களின் எண்ணம் பாலைவனத்து மரங்களை எல்லாம் சுற்றி வந்தது. அங்கிருந்தவர்களில் இளையவரான இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் பேரீச்ச மரம் என்று பட்டது. பெரியவர்கள் இருக்கும் அவையில் பேச வெட்கப்பட்டு இருந்துவிட்டார். தோழர்கள் நீங்களே சொல்லுங்கள் என்று கேட்ட பிறகுதான் அது பேரீச்ச மரம் என்று நபியவர்கள் சொன்னார்கள். பின்னர் மகன் இதைச் சொன்னபோது, நீ அதை அவையிலேயே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் வருந்தினார்கள். அந்தத் தந்தையின் ஏக்கத்தைக் கவனியுங்கள்.

இன்னோர் அறிவிப்பில் ஒரு சிறு விவரம் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்ட வேளையில் நபியவர்களிடம் பேரீச்சங்குருத்து கொண்டுவரப்பட்டிருந்தது. அதாவது விடைக்கான குறிப்பு எல்லாருடைய கண் முன்னாலும் இருந்தது. ஹிஜ்ரி 852இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் இதிலிருந்து இரண்டு விதிகளை எடுக்கிறார்கள். புதிர் கேட்கப்பட்டவர் தம்மைச் சுற்றியுள்ள சூழலின் குறிப்புகளைக் கவனிக்க வேண்டும். புதிர் போடுபவர், கேட்பவர் நுழைவதற்கு ஒரு வாசலும் இல்லாதபடி அதை மூடிவிடக் கூடாது. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த இரண்டு விதிகளுக்குள் நல்ல புதிர் விளையாட்டின் இலக்கணம் முழுவதும் அடங்கிவிடுகிறது. என் மகனின் சுரங்கத்துக்கும் வாசல் இருந்தது. அது காதில் இருந்தது.

தமிழ் முஸ்லிம்களுக்கும் இந்த மரபு புதிதன்று. முழுமையாகக் கிடைத்துள்ள தமிழ் இஸ்லாமிய நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படும் ஆயிர மசலா, 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றியது. அதன் அமைப்பே கேள்வியும் விடையும்தான். நூறு மசலாவில் ஓர் இளவரசி புதிர்களாகக் கேட்டுக்கொண்டே போகிறாள். வெள்ளாட்டி மசலாவில் ஓர் அடிமைப் பெண் அறிஞர்களின் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்கிறாள். கேள்வியின் முன் சற்று நேரம் திகைத்து நிற்பதை நம் முன்னோர் இன்பமாகவே கருதினார்கள்.

கணினி விளையாட்டுகளின் வரலாற்றிலும் இதே பண்பைக் காணலாம். இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம் 1970களின் நடுவில் வில் கிரவுதர் என்ற அமெரிக்க நிரலாளர் எழுதிய 'அட்வெஞ்சர்'. படம் எதுவும் இல்லாத, எழுத்து மட்டுமே கொண்ட விளையாட்டு. குகைகளில் இறங்கி ஆராயும் பழக்கமுள்ள அவர், மணவிலக்குக்குப் பின் தம் பெண்பிள்ளைகளோடு ஒன்றாக ஈடுபட ஏதாவது வேண்டும் என்றே அதை எழுதினார். அதிலும் ஒரே மாதிரியான அறைகள் கொண்ட ஒரு புதிர்வழி உண்டு. கையிலிருக்கும் பொருள்களை அறைக்கு ஒன்றாகப் போட்டு அடையாளம் வைத்துத்தான் மக்கள் அதிலிருந்து வெளியேறினார்கள். ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்காகக் கட்டிய குகையிலிருந்துதான் இந்தக் கலையே தொடங்கியது.

1980களில் இன்ஃபோகாம் என்ற நிறுவனம் சிக்கியவர்களுக்காக ஒரு குறிப்புப் புத்தகம் விற்றது. அதில் கேள்விகள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். விடைகள் மறைமையில் அச்சிடப்பட்டிருக்கும். உடன் வரும் ஒரு பேனாவால் தேய்த்தால்தான் எழுத்து எழும்பும். முதல் வரியில் மெல்லிய ஒரு குறிப்பு, அடுத்த வரியில் இன்னும் சற்றுத் தெளிவாக, கடைசி வரியில்தான் முழு விடை. ஒரு வரியைத் தேய்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவர்கள் அச்சில் கொண்டுவந்ததும் ஒரு லுக்மாதான்.

இன்று அந்தப் பேனா இல்லை. சிக்கிய மறுகணமே முழு விடையும் கைப்பேசியில் வந்து விழுகிறது. விளையாட்டுக்கு மட்டுமா? வீட்டுக் கணக்குக்கும், கட்டுரைக்கும், மார்க்கக் கேள்விக்கும்கூட. கேள்வியை முழுதாக நினைத்துப் பார்க்கும் முன்பே செயற்கை நுண்ணறிவு பதிலை எழுதி முடித்துவிடுகிறது. மிஸ்ட் விளையாட்டைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். விடை முழுவதும் முன்பே தெரிந்தவர் அந்தத் தீவில் இறங்கிய சில நிமிடங்களிலேயே அதை முடித்துவிடலாம். தேவையானது எல்லாம் முதல் தீவிலேயே இருக்கிறது. இல்லாதது அறிவு மட்டும்தான். அப்படியானால் விளையாட்டு என்பது எது? விடையா, அல்லது விடைக்குத் தகுதியாகும்வரை நடந்த நடையா? குர்ஆனின் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டவனை நாம் ஹாஃபிழ் என்று சொல்வதில்லை.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். விளையாட்டில் மூழ்குவதை நான் ஆதரிக்கவில்லை. இரவு 11 மணிக்கு மடிக்கணினியை மூடியது தவறு என்றும் சொல்லவில்லை. தொழுகையைத் தள்ளிப்போடச் செய்வதும், சூதாட்டம் கலந்ததும், ஆபாசமும் இணைவைப்பும் கொண்டதும் நம் வீட்டுக்குள் வரக் கூடாது. தூக்கத்தையும் உடலையும் கெடுப்பது அமானிதத்தைக் கெடுப்பதாகும். சதுரங்கம் பற்றியே நம் இமாம்கள் கருத்து வேறுபட்டிருக்கிறார்கள். சூது இல்லாவிட்டாலும் அது வெறுக்கத்தக்கது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. தடுக்கப்பட்டது என்றே கூறியவர்களும் உண்டு. பேணுதலுக்காக எல்லா விளையாட்டையும் விலக்கி வாழும் குடும்பங்களை நான் மதிக்கிறேன். அவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் ஒரு பங்கு உண்டு என்று நம்புகிறேன். ஏனெனில் பிள்ளை சிக்கி நிற்பது விளையாட்டில் மட்டும் அல்ல.

சதுரங்கம் என்றதும் நம் கடற்கரை நினைவுக்கு வருகிறது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. அதற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருப்பது பொருத்தந்தான். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போன நாள்களில், வேட்டி கட்டிய 'தம்பி' குதிரையைப் பார்த்து மக்தப் பிள்ளைகள் குதூகலித்தார்கள். ஆடவர் அடங்கிய பொதுப் பிரிவில் தங்கம் வென்றது இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் மண்ணான உஸ்பெகிஸ்தானின் இளைஞர் அணி. இந்தியாவின் இளையோர் அடங்கிய இரண்டாம் அணிக்கு வெண்கலம். அந்த அரங்கில் ஓர் ஆட்டக்காரர் ஒரே நகர்த்தலுக்காக நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருப்பார். யாரும் அவரைச் சோம்பேறி என்று சொல்வதில்லை. யாரும் அவர் காதில் விடையைச் சொல்லவும் கூடாது. சொன்னால் அது குற்றம். உலகமே மரியாதையோடு காத்திருக்கும். அதே பொறுமையோடு நம் வீட்டுப் பிள்ளை ஒரு கணக்கின் முன்னோ ஒரு வசனத்தின் முன்னோ அமர்ந்திருந்தால், இரண்டே நிமிடத்தில் "இதுகூடத் தெரியவில்லையா?" என்று கேட்டுவிடுகிறோம்.

சிக்கி நிற்பதற்கு இன்னொரு வகையும் உண்டு. எவ்வளவு தேடினாலும் இப்போது திறக்காத கதவு அது. கஹ்ஃப் அத்தியாயத்தை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓதுகிறோம். மூஸா (அலை) அவர்கள் ஹிழ்ரு (அலை) அவர்களோடு நடந்த பயணத்தில் மூன்று நிகழ்ச்சிகள் நடக்கின்றன, மூன்றும் புரியாதவை. கேள்வி கேட்பதில்லை என்று வாக்களித்தும் மூன்று முறையும் அவர்களால் பொறுக்க முடியவில்லை. விளக்கம் கிடைத்தபோது பயணமே முடிந்துவிட்டது. மூஸா இன்னும் பொறுத்திருந்தால் அவர்களுடைய செய்திகள் நமக்கு இன்னும் அதிகமாகக் கிடைத்திருக்குமே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீஸில் வருகிறது. தேர்வில் தோற்ற பிள்ளை, வேலை கிடைக்காத இளைஞன், வரன் அமையாத மகள், நோய் தீராத தாய் என்று நம் வீடுகளிலும் இப்படிக் கதவு திறக்காத சந்திகள் உண்டு. சிறு புதிரின் முன் ஒன்பது நாள் நிற்கப் பழகாத உள்ளம், அந்தப் பெரிய சந்தியில் எப்படி நிற்கும்? ஸப்ர் என்ற சொல்லைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்கலாம். ஸப்ர் என்னும் பழக்கத்தை அப்படிக் கொடுக்க முடியாது. அது சிறு சிறு தடைகளின் முன் நின்று நின்றே வரும்.

ஆகவே பெற்றோர்களிடமும், என்னைப் போன்ற ஆசிரியர்களிடமும் என் வேண்டுகோள் இதுதான். பிள்ளை சிக்கி நின்றால் முதலில் பாருங்கள்: அது தேடுகிறதா, நின்றுவிட்டதா? தேடிக்கொண்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு அருகில் இருங்கள். அருகில் இருப்பதும் உதவிதான். பின் வரிசையில் ஹாஃபிழ் நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் இமாமே ஓதுகிறார். நின்றுவிட்டால் ஒரு சொல் கொடுங்கள். முடிந்தால் அதையும் கேள்வியாகக் கொடுங்கள். அதுவும் போதாவிட்டால் இன்னொரு சொல். முழு விடையைக் கடைசிக்கு வையுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நம் இமாம்கள் அதைச் சொல்ல வெட்கப்பட்டதில்லை. பிள்ளை தானாகக் கேட்க வந்தால் ஒருபோதும் விரட்டாதீர்கள். அறியாமைக்கு மருந்து கேட்பதுதான் என்பது நபிவழி. கேட்பதற்கும் திருடுவதற்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிக் கொடுங்கள்: ஒரு சொல்லைக் கேட்டு வாங்கியவன் மீதி வழியைத் தானே நடக்கிறான், முழு விடையையும் எடுத்துக்கொண்டவன் எங்கும் நடக்கவில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று எழுத மனம் வரவில்லை. இப்போதும் மக்தபில் ஒரு பிள்ளை தயங்கினால் என் நாக்கு முந்துகிறது. மோதிர விரலை மேசையில் ஒருமுறை தட்டிவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணுகிறேன். என் உஸ்தாத் இப்படித்தான் மேசையைத் தட்டிவிட்டுக் காத்திருப்பார். அப்போதெல்லாம் அது கடுமை என்று நினைத்தேன். பல நேரங்களில் எட்டு எண்ணுவதற்குள் பிள்ளைக்கே வந்துவிடுகிறது.

முன்னால் நின்று ஓதுவதை விட்டுவிட்ட அந்த மாணவனைச் சென்ற மாதம் பார்த்தேன். வாரத்துக்கு ஒருநாள் வந்து என்னிடம் ஓதிக்காட்டும்படி கேட்டிருக்கிறேன். "சிக்கினால் எடுத்துக் கொடுப்பீங்களா ஹஜ்ரத்?" என்று கேட்டான். "நீ நின்றுவிட்டால் கொடுப்பேன், தேடிக்கொண்டிருந்தால் காத்திருப்பேன்" என்றேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். இன்ஷா அல்லாஹ், வருவான். அவனுக்காக துஆ செய்யுங்கள்.

யா அல்லாஹ், எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியையும், அதைத் தேடும் பொறுமையையும், சிக்கி நிற்பவர்களுக்கு உரிய நேரத்தில் உரிய சொல்லைக் கொடுக்கும் ஞானத்தையும் அருள்வாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.